எங்கள் மாநிலப் பேரவை உறுப்பினர்: பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிந்தைய மதிப்புரை

உணவகத்தையோ சலவை இயந்திரத்தையோ மதிப்பிடுவது போல மக்கள் பிரதிநிதி ஒருவரையும் மதிப்பிடலாமா என்று என் மனைவி கேட்டார். வரி கட்டுகிறோம், அதற்கு ஈடாக ஒரு சேவை கிடைக்கிறது, அந்தச் சேவையைப் பத்தாண்டுகளில் ஏழெட்டு முறையாவது பயன்படுத்தியிருக்கிறோம், ஆகவே தாராளமாக மதிப்பிடலாம் என்றேன். கலிஃபோர்னியா மாநிலப் பேரவைக்கு எங்கள் தொகுதியிலிருந்து ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டு, அண்மையில் வேறொரு பதவியை நாடிச் சென்றுவிட்ட ஒருவரைப் பற்றியும், அவருடைய அலுவலகத்தைப் பற்றியும், அவர் பணியாற்றிய சபையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் அவருடைய பெயர், கட்சி, ஊர் ஆகிய மூன்றையும் தவிர்த்துவிட்டேன்.

எந்தச் சேவையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். இங்கே குடியேறிய நம்மவர்களில் பலருக்கு, குடியுரிமை பெற்று வாக்களிக்கத் தொடங்கிய பிறகும், வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினரைத் தெரிந்த அளவுக்கு, மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் இருக்கும் மாநில உறுப்பினரைத் தெரிவதில்லை. ஓட்டுநர் உரிமம், வேலையில்லாக் காலத்து உதவித்தொகை, செவிலியர் முதல் முடிதிருத்துபவர் வரை எல்லோருக்குமான தொழில் உரிமம், பள்ளிகளுக்கான நிதி, வாடகைச் சட்டம் என்று அன்றாடம் நம்மைத் தொடுகிற பெரும்பாலானவை மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் கீழவையான பேரவைக்கு 80 பேர், மேலவையான செனட்டுக்கு 40 பேர். 1879ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இடம்பெற்ற இந்த எண்ணிக்கை இன்றுவரை மாறவில்லை. ஆனால் அப்போது ஒன்பது லட்சத்தைக்கூட எட்டாத மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 3 கோடியே 95 லட்சத்தைக் கடந்துவிட்டது. ஒரு பேரவை உறுப்பினருக்கு இன்று ஏறத்தாழ 4,94,000 பேர் பொறுப்பு. மாநில செனட்டர் ஒருவருக்கு அதைப் போல இரு மடங்கு, அதாவது ஒரு காங்கிரஸ் உறுப்பினருக்கு இருப்பதைவிடவும் அதிகம். கடையில் கல்லா ஒன்றுதான், வரிசையில் நிற்பவர்கள் ஐந்து லட்சம் பேர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மற்றதைப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் உறுப்பினரின் தொகுதி அலுவலகம், ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் தளத்தில், பல் மருத்துவர் ஒருவரின் அறைக்கும் வரிக் கணக்கர் ஒருவரின் அறைக்கும் நடுவே இருந்தது. உள்ளே நுழைந்ததும் இரண்டு கொடிகள், தொகுதியின் எல்லை வரைந்த ஒரு பெரிய வரைபடம், பல மொழிகளில் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்கள், ஒரு கிண்ணத்தில் மிட்டாய். அரசியல்வாதியின் அலுவலகம் என்பதற்கு இவற்றைத் தவிர வேறு அடையாளம் எதுவும் இல்லை. நாங்கள் அங்கே முதன்முதலாகப் போனது என் மனைவியின் தொழில் உரிமத்துக்காக. ஒரு மாநிலத் துறை (எந்தத் துறை என்பது வேண்டாம்) நான்கு மாதங்களாக அவருடைய விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் முக்கால் மணி நேரம் காத்திருக்க வைத்து, பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வேலை தரவிருந்த இடத்திலோ, இந்தத் தேதிக்குள் உரிமம் வராவிட்டால் வேறொருவரை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். உடன் பணிபுரியும் ஒருவர்தான் பேரவை உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார். எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கச் சொல்கிறாரே, கட்சிக்காரர் யாரையாவது பிடிக்க வேண்டுமோ என்றுதான் ஊர்ப் பழக்கத்தில் எனக்கு முதலில் தோன்றியது.

அப்படி யாரையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. களப் பிரதிநிதி என்ற பொறுப்பில் இருந்த, இருபத்தைந்து வயதுக்கு மேல் சொல்ல முடியாத ஒரு பெண் எங்களை உட்கார வைத்து, மூன்றே கேள்விகள் கேட்டார்: விண்ணப்பித்த தேதி என்ன, கட்டணம் கழிக்கப்பட்டதற்கு வங்கிச் சான்று உண்டா, எந்த நாளுக்குள் வேண்டும். பிறகு ஒரு பக்க ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார். எங்கள் சார்பில் துறையிடம் பேசவும், எங்கள் கோப்பின் விவரங்களைப் பெறவும் எழுத்துமூலமான அனுமதி அது. அது இல்லாமல் துறை எதையும் சொல்லாது. சட்டமன்ற அலுவலகங்களிலிருந்து வரும் கேள்விகளுக்கென்றே துறைகளில் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும், பொதுமக்கள் அழைக்கும் எண்ணும் இவர்கள் அழைக்கும் எண்ணும் வேறு வேறு என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஒன்பதாம் நாள் உரிமம் வந்தது. கல்லூரியிலிருந்து வந்த சான்றிதழை வேறொருவரின் கோப்பில் சேர்த்துவிட்டார்களாம். நான்கு மாத இழுபறிக்கு அவ்வளவுதான் காரணம். செலவு ஒரு காசு இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை, யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்வி இல்லை. அப்போது நாங்கள் கிரீன் கார்டில்தான் இருந்தோம், வாக்குரிமையே கிடையாது. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, தொகுதியில் குடியிருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த படிவத்தை எடுத்தார். இந்தப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

விசா, கிரீன் கார்டு, கடவுச்சீட்டு ஆகியவை கூட்டாட்சி அரசைச் சேர்ந்தவை என்பதால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலக எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கிலும் தலையிட மாட்டார்கள். இவற்றுக்காகப் போய் ஏமாந்து, அந்த அலுவலகம் உதவாது என்று பேசும் நண்பர்கள் இருக்கிறார்கள். அது மளிகைக் கடையில் மருந்து கேட்ட கதை.

விழாக்களுக்கு வருகை தரும் சேவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவுக்கு அவர் நான்கு முறை வந்தார், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் இருந்தார், வணக்கம் என்ற சொல்லை முதல் ஆண்டைவிட நான்காம் ஆண்டில் நன்றாகச் சொன்னார். நீல அட்டைக்குள் பொன்னிற முத்திரை பதித்த பாராட்டுச் சான்றிதழ் ஒன்றை ஒவ்வொரு முறையும் கொடுத்தார். அவற்றுள் இரண்டில் பள்ளியின் பெயர் பிழையாக இருந்தது. சான்றிதழ்கள் இன்றும் பள்ளி அலமாரியில் இருக்கின்றன, பிழையான இரண்டும் பின்வரிசையில்.

குறைகள் தொடங்குவது சட்டம் இயற்றும் பகுதியில். குடியிருப்புப் பகுதிகளை நிர்வகிக்கும் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் தொடர்பான ஒரு மசோதாவைப் பற்றி அவருக்கு நான் கடிதம் எழுதினேன். அதற்கு முன்பே, எங்கள் பகுதி நூலகத்தில் நடந்த கூட்டத்தில், அதை ஆதரிப்பதாக அவரே சொல்லியிருந்தார். முன்வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன். பேரவையில் வாக்கெடுப்பு நடந்த அன்று மாலை பட்டியலைப் பார்த்தால், ஆதரவு நிரலிலும் அவர் பெயர் இல்லை, எதிர்ப்பு நிரலிலும் இல்லை. வாக்கு பதிவாகவில்லை என்ற மூன்றாம் நிரலில் இருந்தது. விடுப்பில் இருந்தாரோ என்றால், அதற்கு முந்தைய மசோதாவுக்கும் பிந்தைய மசோதாவுக்கும் அவருடைய வாக்கு இருக்கிறது. மசோதா தோற்று நான்கு மாதங்கள் கழித்து என் கடிதத்துக்குப் பதில் வந்தது. இந்த முக்கியமான விஷயத்தில் கருத்துத் தெரிவித்ததற்கு நன்றி, வாக்கெடுப்புக்கு வரும்போது உங்கள் கருத்தை நினைவில் கொள்வேன் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது.

இந்த மூன்றாம் நிரல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் கலிஃபோர்னியாவில் எந்த உறுப்பினரையும் மதிப்பிட முடியாது. பேரவையில் ஒரு சாதாரண மசோதா நிறைவேற 41 வாக்குகள் வேண்டும்; அவையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கணக்கில்லை, மொத்த இடங்களான எண்பதில் பெரும்பான்மை வேண்டும். ஆகவே வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் விளைவில் ஒன்றே. ஆனால் எதிர்த்து வாக்களித்தால் அது அடுத்த தேர்தலில் எதிராளியின் துண்டுப் பிரசுரத்தில் வரும், மசோதாவைக் கொண்டுவந்த சக உறுப்பினருக்கும் மனக்கசப்பு. வாக்களிக்காமல் இருந்தாலோ யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடைக்காரர் இல்லை என்று சொல்லாமல், பொருள் உள்ளே இருக்கிறதா பார்க்கிறேன் என்று போய்த் திரும்பி வராமலே இருந்துவிடுவதற்கு ஒப்பான வழக்கம் இது. எங்கள் உறுப்பினர் மட்டும் செய்தது அன்று, இரு கட்சியினரும் கையாளும் உத்திதான். இருந்தாலும் என் மதிப்பெண்ணில் பெரிய வெட்டு இங்கேதான் விழுந்தது.

சாக்ரமெண்டோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 1874இல் கட்டி முடிக்கப்பட்ட, சட்டமன்றம் கூடும் குவிமாடக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. வழிகாட்டியோடு போகும் சுற்றும் இலவசம், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆளுநர் அலுவலகம் அங்கே இருந்த காலத்தில் அதன் வாசலில் நின்ற வெண்கலக் கரடியைத் தடவிப் பார்க்காமல் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் வெளியே வந்ததில்லை; அதை அங்கே வைத்தவர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் பார்த்துப் பேரவை மண்டபத்துக்குப் பச்சையும் செனட் மண்டபத்துக்குச் சிவப்பும் தீட்டியிருக்கிறார்கள். பேரவையில் உறுப்பினர்கள் மேசையிலுள்ள பொத்தானை அழுத்தினால் சுவரில் இருக்கும் பலகையில் அவரவர் பெயருக்கு நேரே பச்சையோ சிவப்போ ஒளிர்கிறது; செனட்டில் இன்றும் பெயர் வாசித்துத்தான் வாக்கைக் கேட்கிறார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எந்த நிறமும் ஏறாத பெயர்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டேன். மண்டபத்தின் முன்புறம் ஆபிரகாம் லிங்கனின் பெரிய உருவப்படம் தொங்குகிறது. இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு 1832இல் நின்று தோற்று, 1834இல் வென்று, தொடர்ந்து நான்கு முறை உறுப்பினராக இருந்தவர் அவர். ஒரு மாநில உறுப்பினர் அண்ணாந்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

உறுப்பினரையே பார்க்க வேண்டும் என்றால் குவிமாடத்துக்குப் போய்ப் பயனில்லை. பழைய இணைப்புக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2021 இறுதியில் எல்லோருடைய அலுவலகங்களையும் ஓ தெருவில் உள்ள பத்து மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். இது தெரியாமல் நானும் என் நண்பரும் குவிமாடத்தின் பாதுகாப்புச் சோதனையில் வரிசையில் நின்று, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ஓ தெருவில் மறுபடியும் இடுப்புவாரைக் கழற்றினோம். முன்பதிவு செய்திருந்த பதினைந்து நிமிடச் சந்திப்பில் உறுப்பினர் ஆறு நிமிடம் இருந்தார். மீதி நேரம் பேசியது அவருடைய சட்டமியற்றல் உதவியாளர். பேச வேண்டிய ஆளும் அவர்தான் என்பது போகப் போகப் புரிந்தது, ஏனென்றால் மசோதாவின் எந்தப் பிரிவில் எந்தச் சொல் சிக்கல் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் ஏற்பாட்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். சாதி அடிப்படையிலான பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்யும் எஸ்.பி. 403 என்ற மசோதாவைச் செனட்டர் ஆயிஷா வஹாப் 2023இல் கொண்டுவந்தபோது, அதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களுமாக நம் ஊர்க்காரர்கள் பலர் சாக்ரமெண்டோவில் கூடினார்கள். ஆதரவாளர்களில் நானும் ஒருவன். முதன்மைச் சாட்சிகளாக ஒரு பக்கத்துக்கு இருவர், ஆளுக்கு இரண்டு நிமிடம். மற்றவர்கள் ஒலிபெருக்கி முன் வரிசையாக வந்து பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்கியவரைத் தலைவர் பணிவாகவே நிறுத்தினார். இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வந்து, நடைவழி வரை நீண்ட வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, ஒலிபெருக்கி முன் நான் செலவிட்டது ஐந்து நொடி. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தம் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாமல் ஒரு கணம் நின்றுவிட்டு நகர்ந்தார். அந்தக் கணத்தை யாரும் குறுக்கிடவில்லை. மசோதா பேரவையில் 50க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியது. அக்டோபர் 7ஆம் தேதி ஆளுநர் கேவின் நியூசம், ஏற்கெனவே உள்ள சட்டங்களே இதைத் தடை செய்கின்றன என்று சொல்லி அதை ஏற்க மறுத்துவிட்டார். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் இரு அவைகளும் ஆளுநரின் மறுப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் 1980க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு முறைகூட அது நடக்கவில்லை. அந்த ஆண்டு ஆளுநரின் மேசைக்குப் போன 1,046 மசோதாக்களில் அவர் மறுத்தவை 156.

மறுப்பாவது பரவாயில்லை, காரணத்தோடு கடிதம் வருகிறது. அதைவிட மோசமானது நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் சஸ்பென்ஸ் கோப்பு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் அரசுக்குச் செலவு வைக்கும் மசோதாக்கள் எல்லாம் அந்தக் கோப்புக்குள் போகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும், ஒரே நாளில் அவற்றின் விதியைச் சொல்கிறார்கள். நேரலையில் ஒரு முறை பார்த்தேன். தலைவர் மசோதாவின் எண்ணை வாசிக்கிறார், முடிவை வாசிக்கிறார், அடுத்த எண்ணுக்குப் போகிறார். விவாதம் இல்லை, சாட்சி இல்லை, ஏன் என்ற விளக்கமும் இல்லை. சில நூறு மசோதாக்கள் அப்படியே கடந்து போகின்றன. நாங்கள் ஓராண்டாகப் பின்தொடர்ந்த ஒரு மசோதாவின் எண் வந்தபோது நான் தேநீர்க் கோப்பையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அடுத்த எண்ணுக்குப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் உறுப்பினர் அந்த மசோதாவின் இணை ஆசிரியர்களில் ஒருவர். தாம் வருந்துவதாக அறிக்கை விட்டார், யார் நிறுத்தியது என்று சொல்லவில்லை.

இவ்வளவையும் வீட்டிலிருந்தே கண்காணிக்க முடிகிறது என்பதற்கு ஒரு மாநில உறுப்பினருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1992இல் முதன்முறையாகப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெப்ரா போவென், 1993இலேயே ஏ.பி. 1624 என்ற மசோதாவைக் கொண்டுவந்து, மசோதாக்களின் உரையையும் வாக்கு விவரங்களையும் இணையத்தில் இலவசமாக வைக்கச் செய்தார். இணையம் என்றால் என்ன என்றே பலருக்குத் தெரியாத காலம் அது. அவருடைய அரசியல் வாழ்க்கை அப்படியே படிப்படியாக ஏறியது: பேரவையில் ஆறு ஆண்டுகள், செனட்டில் எட்டு ஆண்டுகள், பிறகு 2007 முதல் 2015 வரை, தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலர்; 2007இல் மின்னணு வாக்கு இயந்திரங்களைச் சோதனைக்கு உட்படுத்தி, குறை கண்டவற்றின் அங்கீகாரத்தை ரத்துசெய்து பெயர் பெற்றார். மசோதாக்களைப் பார்ப்பதற்கான இன்றைய லெஜ்இன்ஃபோ தளத்தின் தோற்றம் அழகாக இல்லை, தேடலில் மசோதா எண் தெரியாவிட்டால் தடுமாற வேண்டியிருக்கிறது, கைப்பேசியில் பார்ப்பது எரிச்சல். ஆனால் ஒரு மசோதாவின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு எந்தச் சொல் நீக்கப்பட்டது, எந்தச் சொல் சேர்க்கப்பட்டது என்று காட்டும் வசதிக்காகவே அதை மன்னிப்பேன். குழு அலுவலர்கள் ஒவ்வொரு மசோதாவுக்கும் எழுதும் ஆய்வுக் குறிப்பையும் தவறாமல் படிக்க வேண்டும். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்ற பட்டியல் அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும், நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். கால்மேட்டர்ஸ் என்ற செய்தி நிறுவனம் 2024இல் வெளியிட்ட டிஜிட்டல் டெமாக்ரசி தளம், உறுப்பினர்களின் பேச்சையும் வாக்கையும் அவர்கள் பெற்ற நன்கொடையையும் ஒரே இடத்தில் வைத்துத் தருகிறது. எங்கள் உறுப்பினரின் பெயரைத் தட்டி அந்த மூன்றையும் அருகருகே பார்த்த மாலை, வீட்டு உரிமையாளர் சங்க மசோதாவைப் பற்றிய என் புதிர் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி அவருடைய பணிப்பாதையில் இருந்தது. பேரவை உறுப்பினரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. இரட்டைப்படை ஆண்டின் டிசம்பர் முதல் திங்கட்கிழமை பதவியேற்கிறார்கள். அதிபர் தேர்தல் வரும் சுற்றில் முதற்கட்டத் தேர்தல் மார்ச் மாதமே நடப்பதால், பதவியேற்று ஏறத்தாழ ஓராண்டிலேயே அடுத்த தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்தாக வேண்டும். ஒருவரிடம் பெறக்கூடிய நன்கொடை 2023-24இல் ஒரு தேர்தலுக்கு 5,500 டாலர்; முதற்கட்டமும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு. பணமே அரசியலின் தாய்ப்பால் என்று சொன்ன ஜெஸ் அன்ரூ 1960களில் இந்தப் பேரவையின் தலைவராக இருந்தவர்தான். ஊதியம் ஆண்டுக்கு 1,20,000 டாலருக்கு மேல், ஆனால் 1990க்குப் பிறகு வந்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதவிக்கால வரம்பு இருக்கிறது. 1965 முதல் 1995 வரை பேரவையில் இருந்து, 1980 தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் தலைவராகவும் கோலோச்சிய வில்லி பிரவுன் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் 1990இல் மக்கள் வாக்களித்துப் பேரவைக்கு ஆறு ஆண்டு, செனட்டுக்கு எட்டு ஆண்டு என்று வரம்பு போட்டார்கள்; 2012இல் அதை எந்த அவையானாலும் மொத்தம் 12 ஆண்டு என்று மாற்றினார்கள். பிரவுன் அங்கிருந்து போய் சான் ஃபிரான்சிஸ்கோ மேயரானார். கெவின் மெக்கார்த்தி பேரவையில் நான்கே ஆண்டு இருந்துவிட்டுக் காங்கிரசுக்குப் போய், 2023இல் பிரதிநிதிகள் சபையின் தலைவராகவும் சில மாதங்கள் இருந்தார். அமெரிக்க செனட்டில் கலிஃபோர்னியாவின் இரு உறுப்பினர்களான அலெக்ஸ் படியாவும் ஆடம் ஷிஃப்பும் மாநில செனட்டில் இருந்து வந்தவர்களே. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் வாஷிங்டன் மாநில செனட்டில் இருந்தது இரண்டே ஆண்டு. இந்த வேலையில் சேர்கிறவர், சேர்ந்த நாளிலிருந்தே அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

எங்கள் உறுப்பினரிடமும் அது தெரிந்தது. முதல் தேர்தலின்போது எங்கள் வீட்டு வாசலுக்கு அவரே வந்து, காலணியின் பின்பகுதி தேய்ந்து குதிகாலில் ஒட்டுப்போட்டபடி, எட்டு நிமிடம் நின்று பேசினார். மூன்றாம் முறை வென்ற பிறகு ஒரு குழுவின் தலைவரானார், அத்தோடு கடிதங்களுக்குப் பதில் வரும் வேகம் குறைந்தது. ஐந்தாம் முறையில் தபாலில் வந்தவை பெரும்பாலும் அவர் அடுத்து நாடிய பதவி பற்றியவை. அந்த மசோதாவில் எதிர்ப்பைக் காட்டியவர்கள்தாம் அந்த அடுத்த தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடியவர்கள் என்று நினைத்துப் பார்த்தால், மூன்றாம் நிரல் புரிந்துவிடுகிறது. மன்னிக்க மட்டும் முடியவில்லை.

இதற்கு மாற்றாக, பணமும் பணிப்பாதையும் இல்லாத மன்றமே மேல் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீழவையில் 400 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர்; 1889இல் வைத்த தொகை இன்னும் அப்படியே இருக்கிறது. டெக்சாஸில் மாதம் 600 டாலர், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 140 நாள் கூட்டம். அங்கெல்லாம் ஓய்வுபெற்றவர்களும் வசதி படைத்தவர்களும் வழக்கறிஞர்களும்தான் எளிதாக இந்த வேலைக்கு வர முடியும் என்பது ஒரு புறம் இருக்க, நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினருக்குத் தொகுதி அலுவலகமும் இல்லை, தனிப் பணியாளரும் இல்லை. என் மனைவியின் உரிமத்துக்காக அங்கே யாரிடம் போயிருப்போம் என்று எண்ணிப் பார்க்கிறேன். முழுநேர மன்றத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அந்த இரண்டாம் தள அறைக்கும் அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் போகிறது என்றால், எனக்கு அந்த விலையில் புகார் இல்லை.

ஆக, என் மதிப்பெண்கள்: தொகுதி அலுவலகத்துக்கு ஐந்து, இணையத் தளத்துக்கு நான்கு, குழுக் கூட்டங்களுக்கு இரண்டு, சஸ்பென்ஸ் கோப்புக்கு ஒன்று, அதுவும் நேரலையில் காட்டுகிறார்களே என்பதற்காக. உறுப்பினருக்குத் தனியாக இரண்டரை. முதல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் என்றால் நான்கு கொடுத்திருப்பேன். புதிதாகப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: காகிதங்களின் நகல், விண்ணப்ப எண், காலக்கெடு ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வார நடுவில் போங்கள், கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், மசோதா பற்றிப் பேசுவதானால் அது முதல் குழுவுக்குப் போகும் முன்பே பேசுங்கள்.

அவர் இடத்துக்குப் புதிய உறுப்பினர் ஒருவர் வந்திருக்கிறார். அலுவலகம் வேறு தெருவுக்கு மாறிவிட்டது, எண்ணும் புதிது. பக்கத்து வீட்டுக்காரரின் சிக்கல் ஒன்றுக்காகப் போன வாரம் அழைத்தேன். எதிர்முனையில் பேசிய குரல் தெரிந்த குரலாக இருந்தது. அதே பெண்தான், இப்போது அலுவலகத்தின் இயக்குநராக இருக்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரரின் விவரங்களைக் குறித்துக்கொண்ட பிறகு, உங்கள் மனைவிக்கு இந்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்குமே, நேரத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்டார்.